மிதிக்கச் சொல்லு, தங்கச்சி

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில், கல்யாண அல்பத்துக்கும் என் மனைவிக்குத் தையல் வகுப்பில் கிடைத்த வெற்றிக் கிண்ணத்துக்கும் நடுவே, ஓர் இருமல் மருந்துப் போத்தல் இருக்கிறது. மருந்து தீர்ந்து எட்டு வருடமாகிறது. இப்போது அதில் கால்வாசிக்கு, ஆறிப்போன சாயத் தேத்தண்ணீர் நிறத்தில் ஏதோ கிடக்கிறது. மூடியில் ஓட்டை போட்டு, ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற குழாயில் ஒரு முழத் துண்டைச் செருகியிருக்கிறது. முதல் தடவை வருகிற விருந்தாளிகள் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "வீட்ல யாருக்குங்க வருத்தம்?" என்று கேட்பார்கள். லொறிக்கு என்று சொல்வேன். சிரிப்பார்கள். நான் எதைச் சொன்னாலும் சிரிப்பது என்று எங்கள் ஊர் இரத்தோட்டைப் பக்கம் ஒரு பழக்கம் இருக்கிறது. அந்தப் பழக்கத்தால் வந்த வினைதான் அந்தப் போத்தல்.

லொறி என் மச்சானுடையது. என் மனைவியின் அண்ணன். என்னைவிட நான்கு வயது மூத்தவர். இரண்டு வீட்டுக்கும் ஒரே முற்றம், முற்றத்தின் ஓரத்தில் ஒரு கொக்கோ மரம், மரத்தடியில் அந்த லொறி. வாரத்தில் நான்கு நாள் நாவுலவில் மரக்கறி ஏற்றி மாத்தளைக்குக் கொண்டுபோவார். மிச்ச நாட்களில் தோட்டத்துச் சனங்களின் கல்யாணம், கருமாதி, திருவிழா என்று ஹயர் ஓடுவார். பேச்சில் மகா கஞ்சன். "ம்" என்பதையே இரண்டாக உடைத்து, பாதியை நாளைக்கு எடுத்து வைக்கிற ஆள். ஆனால் லொறி என்று வந்துவிட்டால் அவர் செய்கிற சடங்குகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறவனுக்குப் பொறுமை வேண்டும். சுற்றி வந்து நான்கு சில்லையும் உதைப்பார். மண்டியிட்டு, சில்லின் உட்பக்கம் எங்காவது ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பார். பிறகு ஏறி உட்கார்ந்து பிரேக் பெடலை மூன்று தரம் மிதிப்பார். மூன்றாவது மிதிக்குப் பெடல் கல் மாதிரி நின்றால்தான் சாவியைத் திருப்புவார். நாம் அவசரமாகப் பஸ்ஸைப் பிடிக்க அந்த லொறியில் தொற்றியிருந்தால், பஸ் போய்விடும். கேட்டால் ஒரே பதில்: "ஏறுறதுக்கு எஞ்சின் போதும் மச்சான். இறங்குறதுக்குத்தான் டிரைவர் வேணும்."

இரத்தோட்டைக்கு மேலே தோட்டங்களுக்குப் போகிற பாதையைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள். நான் சிரித்தேன்.

என் தொழில் அப்படி. டவுனில் போட்டோ கொப்பி கடை வைத்திருக்கிறேன். மெஷின் கொப்பி எடுக்கும், நான் பேசுவேன். பிறப்புச் சாட்சிப் பத்திரத்துக்கு ஒரு கொப்பி எடுக்க வந்தவர்கள் மூன்று பகிடி கேட்டுவிட்டு, பத்திரத்தை மெஷினுக்குள்ளேயே மறந்துவிட்டுப் போவார்கள். இதனால் ஊரில் எந்த விசேஷம் என்றாலும் மைக்கை என் கையில் கொடுத்துவிடுவார்கள். மைக்கைப் பிடித்தால் எனக்குள் ஏதோ ஒரு பிடி கழன்றுவிடும். கழுத்துக்கு மேலே இருப்பது வேலை செய்வதை நிறுத்திவிடும். நாக்கு மட்டும் இறக்கத்தில் ஓட ஆரம்பிக்கும்.

மச்சானுடைய மகள் பெரியவளான சடங்குக்கும் அதுதான் நடந்தது. வந்தவர்களுக்கு நன்றி சொல்லி, பந்திக்கு அழைக்கச் சொல்லித்தான் மைக்கைத் தந்தார்கள். நன்றியும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் என்ன சொன்னேன் என்றால், "எங்க மச்சானோட லொறி மலைய விட்டு இறங்குதுன்னா, கீழ பிள்ளையார் கோயில் ஐயர் தேங்காயக் கையில எடுத்துக்கிட்டு ரோட்டுக்கு வந்துருவாரு. ஏன்னா மச்சான் பிரேக்க நம்பி இறங்குற ஆள் இல்ல, பிள்ளையார நம்பி இறங்குற ஆளு!" மண்டபம் அதிர்ந்தது. சோற்று வாளியோடு நின்றவர்கள்கூட வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். எனக்கும் புல்லரித்தது. மேடை ஓரத்தில் புது வேட்டியும் சால்வையுமாக நின்ற மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. அவர் எப்போது சிரித்தார் என்று நான் அதைக் கண்டுகொள்ளவுமில்லை.

பகிடி சொன்னவனுக்கு அது அன்றைக்கு இரவே மறந்துவிடும். கேட்டவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் ஊறப்போட்டு வைப்பார்கள். ஒரு மாதத்துக்குள் அந்த லொறிக்கு 'பிள்ளையார் பிரேக்' என்று பெயர் வந்துவிட்டது. சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள் மச்சானைப் பார்த்துத் தேங்காய் உடைக்கிற மாதிரிக் கை காட்டினார்கள். அதுவரைக்கும் விளையாட்டு. கார்த்திகையில் ஒரு கல்யாணத்துக்குப் பேசிவைத்த ஹயர், பெண் வீட்டார் பயப்படுகிறார்கள் என்று கைமாறியது. தைப்பூசத்துக்கு, தோட்டத்தின் மேல் டிவிஷன் ஆட்கள் வேறு லொறி பிடித்துக்கொண்டு போனார்கள். வருடக்கணக்காக, பெடலை மூன்று தரம் மிதிக்காமல் ஒரு நாளும் சாவியைத் திருப்பாத மனிதருக்கு, இரத்தோட்டையிலேயே பிரேக் இல்லாத லொறிக்காரர் என்று பட்டம் கட்டியவன் நான். அவர் என்னைத் திட்டவில்லை. அடிக்க வரவில்லை. அந்தப் பெயர் வந்த நாளிலேயே பேச்சை நிறுத்தினார். இருந்ததே கொஞ்சம், அதையும் நிறுத்தினார்.

எங்கள் பக்கம் இரண்டு சம்பந்தக்காரர்களுக்கு நடுவில் பேச்சு நின்றுவிட்டால், அதற்கென்று சட்டதிட்டம் உண்டு. ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். உப்பு வேண்டுமென்றால் மூன்றாம் ஆளிடம்தான் கேட்க வேண்டும். எதிராளி சொன்னது நம் இரண்டு காதிலும் தெளிவாக விழுந்திருக்கும். ஆனாலும் நடுவில் இருக்கிற ஆள் வாயைத் திறந்து அதைத் திருப்பிச் சொல்லும்வரை, அது விழாததுதான். முந்திக்கொண்டு பதில் சொன்னவன் தோற்றவன். எங்களுக்கு நடுவாள் என் மனைவி. ஆறு மாதம் அவள் அந்த முற்றத்தில் தபால்காரி வேலை பார்த்தாள். "தண்ணி மோட்டர நிப்பாட்டச் சொல்லு" என்று மச்சான் சொல்வார். மோட்டருக்குப் பக்கத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன். அவள் வந்து, "நிப்பாட்டணுமாம்" என்று சொன்ன பிறகுதான் என் கை சுவிட்சுக்குப் போகும். அதற்குள் தொட்டி நிரம்பி வழிந்திருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு ஈரத்தைப் பெருக்குகிறவளும் அவள்தான்.

மாசி மாதம் மாத்தளையில் தேர். மேல் டிவிஷன் தோட்டத் தலைவர் மச்சானோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்; சனங்களிடம் எப்படியோ பேசிச் சமாளித்து, இந்த முறை தேர் பார்க்கப் போவது மச்சானின் லொறியில்தான் என்று முடிவெடுத்திருந்தார். பிற்பகல் இரண்டு மணிக்கு, அவர்கள் குடியிருக்கிற லயத்தடியில் லொறி நிற்க வேண்டும். முப்பது பேருக்கு மேலே ஏறுவார்கள். அதில் பாதி பெண்கள். மச்சானுக்கு அது ஒரு ஹயர் அல்ல. அந்தச் சனம் ஏறி, இறங்கி, பத்திரமாகத் திரும்பினால் பட்டம் போய்விடும். வேறு லொறியில் போனால் பட்டம் கல்வெட்டாகிவிடும். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. முதல் நாளே லொறியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, முன்கண்ணாடிக்கு மேலே மாவிலை கட்டி வைத்திருந்ததைப் பார்த்து நாங்களாகத் தெரிந்துகொண்டோம்.

தேர் அன்றைக்குக் காலையில் வழக்கப்படி மண்டியிட்டுப் பார்த்தவர், மண்டியிட்டபடியே இருந்தார். பின்பக்க இடது சில்லின் உட்புறம் ஈரம். உள்ளே இருக்கிற ரப்பர் தேய்ந்து பிரேக் ஒயில் கசிகிறது. வேறு யாராவது என்றால் துணியால் துடைத்துவிட்டுப் போயிருப்பான். மச்சான் சில்லைக் கழற்றி, டவுனுக்கு ஓடிப்போய் ரப்பர் வாங்கிவந்து, பத்து மணிக்குள் மாற்றிவிட்டார். ஆனால் அதோடு வேலை முடியாது. ஒயில் குழாயைத் திறந்ததும் உள்ளே காற்றுப் புகுந்துவிடும். ஒயிலை நெருக்க முடியாது, காற்றை நெருக்கலாம். பெடலை மிதித்தால், மிதித்த பலமெல்லாம் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும். சில்லுக்கு ஒன்றும் போய்ச்சேராது. அதனால் எயார் எடுக்க வேண்டும். ஒருவர் மேலே உட்கார்ந்து பெடலை நாலைந்து தரம் மிதித்து, அப்படியே அமுக்கிப் பிடிக்க வேண்டும். அடியில் படுத்திருப்பவர் அந்த நேரம் பார்த்துச் சில்லின் பின்னால் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறந்தால், ஒயிலோடு சேர்ந்து காற்றும் குமிழி குமிழியாகக் குழாய் வழியே போத்தலுக்குள் வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் மேலே இருப்பவர் காலை எடுக்க வேண்டும். மூடுவதற்கு முன்னால் எடுத்தால், வெளியே போன காற்றைவிட இரண்டு பங்கு உள்ளே வந்துவிடும். மூன்றாவது ஆள் ஒருவர் லொறியின் முன்பக்கம் நின்று, அங்கே பொருத்தியிருக்கிற டப்பாவில் ஒயில் குறையக் குறைய ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். மச்சானின் கிளீனர் தேருக்கென்று முதல் நாளே லீவு எடுத்துவிட்டான். மச்சானின் மனைவி மகளோடு அம்மா வீட்டில். முற்றத்தில் மிச்சம் இருந்தது நானும் என் மனைவியும்தான்.

நான் வாசலில் கதிரை போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பத்தடி தூரத்தில் வந்து நின்று, என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு மச்சான் கூப்பிட்டார்.

"தங்கச்சி, உங்க வீட்ல ஆம்பள யாராவது இருக்காங்களா?"

"இருக்காரு அண்ணே. இந்தா, முன்னாலதானே உக்காந்திருக்காரு."

"அவருக்குக் கால் இருக்கான்னு கேளு."

அவள் என்னைப் பார்த்தாள். "கால் இருக்கான்னு கேக்குறாரு."

"ரெண்டு இருக்குன்னு சொல்லு. எது வேணுமாம்?"

"வாய் வேணாமாம்," என்றாள் அவள், அண்ணன் சொல்லாததையும் சேர்த்து.

இப்படியாக நான் பிரேக் பெடலுக்கு நியமனம் பெற்றேன். மச்சான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, போத்தலும் ஸ்பேனருமாகப் பின்சில்லுக்கு அடியில் போனார். என் மனைவி முன்பக்கம் ஒயில் டின்னோடு நின்றாள். நான் டிரைவர் சீற்றில் மகாராஜா மாதிரி உட்கார்ந்தேன். அடியிலிருந்து குரல் வந்தது: "மிதிக்கச் சொல்லு, தங்கச்சி." அவள், "மிதிக்கணுமாம்" என்றாள். மிதித்தேன். "பிடிக்கச் சொல்லு." சொன்ன கையோடு அவர் நிப்பிளைத் திறந்துவிட்டார். எனக்கும் கேட்டது, கேட்கத்தான் செய்தது. ஆனால் அவள் அந்த நேரம் பார்த்து ஒயில் டின்னின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள். நடுவாள் சொல்லாத சொல் எனக்கெப்படிக் கேட்கும்? நான் கண்ணும் கருத்துமாக மிதித்து, விட்டு, மிதித்து, விட்டுக்கொண்டே இருந்தேன். திறந்த நிப்பிளால் லொறி நன்றாக மூச்செடுத்தது. "பிடிக்கணுமாம்" என்று அவள் சொன்னபோது பெடல் தரையில் கிடந்தது. பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"விட்டுட்டாரா? தங்கச்சி, விட்டுட்டாரா அந்த மனுசன்?"

"விட்டுட்டீங்களான்னு கேக்குறாரு."

"எப்ப பிடிக்கச் சொன்னாருன்னு கேளு."

"எப்ப சொன்னீங்கன்னு கேக்குறாரு அண்ணே."

"காது இருக்கா அவருக்கு?"

"காது இருக்கான்னு கேக்குறாரு."

"கால்தானே கேட்டாரு, காது கேக்கலியேன்னு சொல்லு!"

இப்போது எழுதும்போது எனக்கே என்னைப் பிடித்து ஓர் அறை விடலாம் போலிருக்கிறது. ஆறடி தூரத்தில் இரண்டு கழுதைகள். நடுவில் ஒரு மனுஷி. பதினொரு மணி வரைக்கும் இதே கூத்து. ஒரே சில்லு. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் காற்றை எடுத்து, கொஞ்சம் கூடுதலாக உள்ளே விட்டோம். கடைசியில் ஒருமுறை மச்சான், "மூடியாச்சு, விடச் சொல்லு" என்றார். நான் அவள் முகத்தைப் பார்த்தபடி காலை அமுக்கியே வைத்திருந்தேன். அவள் வாயைத் திறக்கவில்லை. ஒயில் டின்னை முன்பக்கக் கம்பியில் 'டங்' என்று வைத்தாள்.

"நான் என்ன டெலிபோன் கம்பியா? ரெண்டு பேருக்கும் வாய் இருக்கு. அந்த வாயாலதானே ஊரச் சிரிக்க வச்சீங்க! நீங்களே பேசிக்குங்க. இல்லாட்டி மலையில இருந்து உருண்டு சாவுங்க." சேலைத் தலைப்பை உதறிச் செருகிக்கொண்டு குசினிக்குள் போனவள், கதவையும் சாத்தினாள்.

எங்களுக்கு அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடியில் ஸ்பேனரால் லொறியின் இரும்பில் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு தட்டு. மிதிக்கச் சொல்கிறார் என்று புரிந்துகொண்டு மிதித்தேன். இரண்டு தட்டு, பிடித்தேன். மூன்று தட்டு, விட்டேன். எவ்வளவு அருமையான ஏற்பாடு! ஒரு சொல் செலவில்லாமல் இடது சில்லு முடிந்து, வலது சில்லுக்கு மாறினோம். மனுசனுக்குப் பேச்சே தேவையில்லை என்று நான் தத்துவம் யோசிக்கத் தொடங்கிய நேரம், பக்கத்து வீட்டில் மிளகாய் இடிக்க ஆரம்பித்தார்கள். உரல் ஒரு தட்டுத் தட்டியது, மிதித்தேன். இரண்டு தட்டியது, பிடித்தேன். அடுத்து தொடர்ந்து பதினேழு தட்டுத் தட்டியது. பதினேழுக்கு என்ன அர்த்தம் என்று நாங்கள் பேசிவைத்திருக்கவில்லை. காலை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். அடியிலிருந்து ஸ்பேனர் ஒன்று பறந்து போய்க் கொக்கோ மரத்தில் பட்டது.

அதைவிடப் பெரிய மோசம் வேறு இடத்தில் நடந்திருந்தது. மனைவி போன பிறகு முன்பக்கம் ஒயில் ஊற்ற ஆள் இல்லை என்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டோம். டப்பா காலி. அதன் வழியாகவும் காற்று இறங்கி, முடிந்த சில்லும் முடியாத சில்லும் ஒன்றாகிவிட்டது. பெடலில் கால் வைத்தேன். ஈரச் சாக்கை மிதித்த மாதிரிப் போய்த் தரையில் உட்கார்ந்தது. மச்சான் வெளியே வந்தார். நெற்றி, கன்னம், பனியன் எல்லாம் ஒயில். டப்பாவை எட்டிப் பார்த்தார். பெடலை ஒரு தரம் கையால் அமுக்கிப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. மாவிலைத் தோரணத்தை ஒரு நிமிஷம் பார்த்தார். திரும்பப் போய் அடியில் படுத்துக்கொண்டார்; வேலை செய்ய அல்ல, சும்மா. லொறிக்கு அடியில் இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது. அந்தப் பாதங்களைப் பார்த்துப் பகிடி ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. மச்சானின் போன், என் பக்கத்துச் சீற்றில். எடுத்தேன்.

"டிரைவரா?"

"இல்ல தலைவரே, நான் அவரோட மச்சான்."

"ஓ, மைக் மச்சானா! நல்லதாப் போச்சு. சனமெல்லாம் குளிச்சு முழுகி ரெடியாகுது. ஆனா பொம்பளைங்க ஒரு மாதிரிப் பேசிக்கிறாங்க. பிள்ளையார் பிரேக் லொறியான்னு கேக்குறாங்க. நீங்க சொன்னதுதானே? அதனால உங்கக்கிட்டயே கேக்குறேன். உண்மையச் சொல்லுங்க, பிரேக் இருக்கா, இல்லியா? கீழ் டிவிஷன் லொறிக்காரன் சும்மாத்தான் நிக்கிறான். ஒரு வார்த்த சொன்னா வந்துருவான்."

நாக்கு நுனியில் ஒரு பகிடி தயாராக நின்றது. எனக்கு அது ஒரு வியாதி. அது என்ன பகிடி என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது, நல்ல பகிடிதான், சொல்ல மாட்டேன். லொறிக்கு அடியில் இருந்த பாதங்கள் அசையாமல் இருந்தன. இருக்கு என்று சொன்னால் பொய். இல்லை என்று சொன்னால் கதை முடிந்தது.

"இந்த நிமிஷம் இல்ல தலைவரே," என்றேன். "காலையில ஒரு சொட்டு ஒயில் கசிஞ்சதுக்கு, எல்லாத்தையும் கழட்டி ரப்பர் மாத்தியிருக்காரு. எயார் எடுத்துக்கிட்டு இருக்கோம். அது கல்லு மாதிரி நிக்காம இந்த மனுசன் லொறிய முற்றத்த விட்டு எடுக்க மாட்டாரு. அது எனக்கு எப்பவுமே தெரியும். அன்னைக்கு மைக்ல சொன்னது சிரிக்கிறதுக்குச் சொன்ன பொய். லொறி வந்தா, முன்னால நானும் என் பொண்டாட்டியும் உக்காந்திருப்போம். எங்களக் கண்டா மட்டும் ஏறுங்க."

குசினிக் கதவு திறந்தது. "என்னைய எதுக்கு இழுக்குறீங்க?" என்றாள் மனைவி.

தலைவர் யோசித்தார். "ரெண்டு மணி வரைக்கும் பாப்பேன்," என்று வைத்துவிட்டார்.

நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். லொறிக்கு அடியிலிருந்து, ஆறு மாதத்தில் முதல் தடவையாக, நடுவில் ஆள் இல்லாமல் ஒரு குரல் நேராக என்னிடம் வந்தது.

"போன வச்சிட்டுப் பெடல மிதி."

மிதித்தேன். "பிடி" என்றார், பிடித்தேன். "விடு" என்றார், விட்டேன். மனைவி வந்து டப்பாவில் ஒயில் ஊற்றினாள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தது கோபத்தாலா சிரிப்பாலா என்று பார்க்க நான் முகத்தைத் திருப்பவில்லை. முக்கால் மணி நேரத்தில் நான்கு சில்லும் முடிந்தது. காலை முழுக்க மூன்று பேர் பட்ட பாட்டுக்கு, மூன்றே சொல்தான் தேவைப்பட்டிருக்கிறது. மச்சான் ஏறி உட்கார்ந்து பெடலை மூன்று தரம் மிதித்தார். மூன்றாவதுக்கு அது கல் மாதிரி நின்றது. இருந்தாலும் இறங்கிப்போய், இடது சில்லில் இன்னொரு தரம் திறந்து பார்த்தார். மணி ஒன்று பத்து. எனக்குத் தலைமயிரைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. வாயைத் திறக்கவில்லை.

லயத்தடிக்குப் போய்ச் சேர்ந்தபோது இரண்டுக்கு ஐந்து நிமிஷம். முன்சீற்றில் நடுவில் என் மனைவி, அங்கேயும் நடுவில்தான், இரண்டு பக்கமும் பார்க்காமல் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தாள். பட்டுச் சேலையும் கனகாம்பரமுமாக நின்ற பெண்கள் உடனே ஏறவில்லை. ஒரு வயதான அம்மா என் ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து, "தம்பி, நீங்கதானே அந்தத் தேங்காக் கதை சொன்னது?" என்று கேட்டார். "நாந்தான் அம்மா. அது பொய்" என்றேன். "அப்பிடியா? நல்லாத்தான் இருந்திச்சு," என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு சொல்லிவிட்டு, அவர்தான் முதலில் ஏறினார். மச்சான் பக்கக் கண்ணாடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

இறக்கத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் என் வலது கால் தானாகத் தரையை அமுக்கியது. மூன்றாவது வளைவில் எதிரே பஸ் ஒன்று பாதை முழுவதையும் அடைத்துக்கொண்டு வந்தது. மச்சான் மிதித்தார். முப்பது பேரோடு லொறி, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல், நின்றது. பின்னால் யாரோ "அரோகரா" என்றார்கள். மச்சான் என் காலைப் பார்த்தார்.

"எடு கால. அந்தப் பக்கம் பெடல் இல்ல."

மன்னிப்புக் கேட்க அதுதான் சமயம் என்று நான் வாயைத் திறந்தேன். "மச்சான், அன்னைக்கு மைக்ல..." என்று தொடங்கினேன். "ரோட்டப் பாக்க விடு," என்றார். அவ்வளவுதான். திருவிழா முடிந்து, சனங்களைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்த மறுநாள் காலையில், அந்த இருமல் மருந்துப் போத்தல் எங்கள் வாசலில் இருந்தது. மச்சான் தன் வீட்டுப் படியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். "உள்ள கொண்டு போய் வை," என்றார். "மைக்கப் பிடிக்கப் போறப்பல்லாம் ஒரு தரம் எடுத்துப் பாரு."

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மைக்குக்கு அது போதும். வாட்ஸ்அப்புக்குப் போதவில்லை. லொறியை விற்றுவிட்டு மச்சான் இப்போது சீகிரியாவில் ஒரு ஹோட்டலுக்கு வேன் ஓடுகிறார். புதன்கிழமை லீவு. போன மாதம் ஹோட்டல்காரர்கள் கொடுத்த தொப்பியும் கழுத்துப் பட்டியுமாக ஒரு படம் எடுத்து, எங்கள் குடும்பக் குழுவில் போட்டிருந்தார். வாழ்க்கையில் அவர் தானாகப் போட்ட முதல் படம். நான் என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும். நான் குரல் பதிவு போட்டேன்: "இனி வெள்ளைக்காரன் சீகிரியா மலையில ஏற மாட்டான், மச்சானையே சுத்திப் பாத்துட்டுப் போயிருவான்." பதினெட்டுப் பேர் சிரிக்கிற முகம் போட்டார்கள். மச்சான் குழுவை விட்டு வெளியேறினார். மூன்று வாரமாக முற்றத்தில் மறுபடி தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறது. "இந்தத் தடவ நான் நடுவுல நிக்க மாட்டேன்," என்று மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். வயது ஐம்பதைத் தாண்டிய ஒருவனுக்கு இன்னும் எத்தனை போத்தல் வேண்டும் என்றும் கேட்டாள்.

பள்ளிக்கூடங்களுக்குக் கொப்பி கொண்டுபோக நான் ஒரு சின்ன வேன் வைத்திருக்கிறேன். அதற்கு எயார் எடுக்க, மாத்தளையில் ஒரு கராஜில் இப்போது மெஷின் இருக்கிறது. ஒரே ஆள், ஒரே மெஷின். நிப்பிளில் மாட்டினால் அதுவே காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறது. பெடலில் ஆள் வேண்டாம். யாரும் யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம். போன வாரம்தான் செய்தேன். நான் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் முடித்துவிட்டார்கள்.

இந்தப் புதன்கிழமை காலையில் வேனைக் கிளப்பி, பத்தடி தள்ளிக் கொண்டுபோய், முன்பு லொறி நின்ற கொக்கோ மரத்தடியில் நிறுத்தினேன். அலமாரியைத் திறந்து போத்தலை எடுத்து, பின்சில்லுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏறி உட்கார்ந்து பெடலை மூன்று தரம் மிதித்தேன். மூன்றாவதுக்கு அது கல் மாதிரி நின்றது. குசினி ஜன்னலில் மனைவியின் முகம் தெரிந்தது. "போன கிழமைதானே கராஜ்ல காட்டுனீங்க?" என்றாள். வாயில் விரலை வைத்துக் காட்டினேன். அவள் ஜன்னலை விட்டுப் போகவில்லை.

மச்சான் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வந்தார். வேனைப் பார்த்தார். போத்தலைப் பார்த்தார். உள்ளே போய்விட்டார். நான் காலைப் பெடலில் வைத்தபடி இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பழைய சாரமும் கையில் ஸ்பேனருமாக வந்து, என் பக்கம் திரும்பாமல் பின்னால் போய், முனகிக்கொண்டே அடியில் படுத்தார்.

"மிதி."

மிதித்தேன்.

"பிடி."

பிடித்தேன். நிப்பிள் திறக்கிற சத்தம் கேட்டது. "விடு" என்றார். இன்னொரு தரம் செய்தோம். இன்னொரு தரம்.

"இதுல எயாரே இல்லையே மச்சான்," என்றது அடியிலிருந்து குரல்.

"நல்லாப் பாருங்க மச்சான்."

போத்தலை இழுத்துக்கொண்டு அவர் அடுத்த சில்லுப் பக்கம் நகர்வது கேட்டது.

"மிதி," என்றார்.